பாரத்திற்கு விட்ட இடம்

அயனம்பாக்கம் ஏரிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் காலைப்பொழுதில், என் தங்கை மகனுடைய பிக்கப் வண்டியின் பின்புறம் இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளின்மேல் உயர்ந்து நிற்க, முன் சக்கரங்களுக்கு மரக்கட்டைகள் முட்டுக் கொடுக்கப்பட்டிருக்க, அவன் அடியிலே மல்லாந்து கிடந்து யூ போல்ட்டுகளின் மரைகளைத் தளர்த்திக்கொண்டிருக்க, ஸ்பேனர் கேட்டால் ஸ்பேனரும் சுத்தி கேட்டால் சுத்தியும் எடுத்துக் கொடுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டு நான் ஒரு முக்காலியில் அமர்ந்திருந்தபோது, சமய நூல்களைப் பல ஆண்டுகள் சிரத்தையோடு வாசித்தும் நான் எனக்குள் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளாத கேள்வி ஒன்றை அவன் என்னிடம் கேட்டான்.

"மாமா, பணிஞ்சு நடக்கணும், தாழ்ந்து நிக்கணும்னு நீங்கதான் எப்பவும் சொல்லுவீங்க. வண்டி தாழ்ந்து நின்னா மட்டும் ஏன் எல்லாரும் வேணாங்குறீங்க?"

வேண்டாம் என்றவர்களில் முதல்வர் அவனுடைய தந்தை. இருபது லிட்டர்த் தண்ணீர் கேன்களை வீடுவீடாகப் போடும் தொழில் அவருடையது. புது வண்டி ஒன்று வாங்கியபின் பழைய வண்டியை மகனிடம் விட்டுவிட்டார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை பார்க்கும் பிள்ளை, இரும்பின் சுபாவம் அறிந்தவன், அந்த வண்டியை அழகுபடுத்த விரும்பினான். அதன் உடலைத் தரையை நோக்கி இறக்குவதே அழகென்று அவன் மனத்தில் படிந்திருந்தது. தந்தையோ சட்டத்தை எடுத்துச் சொன்னார்: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிப்படுத்தித் தீர்ப்புச் சொன்னது. அவர் சொன்னது சரி. தெரிந்தும் நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது சரியன்று. ஆனால் பிள்ளை கேட்டது சட்டத்தைப் பற்றிய கேள்வி அன்று. தாழ்ச்சி ஒரு நற்குணமானால் அது எல்லா இடத்திலும் நற்குணம்தானே என்பது அவன் கேள்வியின் சாரம். அதற்கு அன்று என்னிடம் விடை இல்லை.

அவன் செய்த காரியத்தை முதலில் விளக்கிவிடுகிறேன். இத்தகைய வண்டிகளில் பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் அச்சுக்கூட்டை ஹவுசிங் என்கிறார்கள். அதன்மேல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சென்டர் போல்ட்டால் கோத்த வளைந்த எஃகுப் பட்டைகள் படுத்திருக்கும். அப்பட்டைகளின் இரு முனைகளில்தான் சேசிஸ் தொங்குகிறது. வண்டியைத் தாழ்த்தும் வழிகளில் ஒன்று, பட்டைக்குக் கீழே கிடக்கும் ஹவுசிங்கைக் கழற்றிப் பட்டைக்கு மேலே ஏற்றிக் கட்டிவிடுவது. அச்சு ஏற, உடல் இறங்கும். அதற்கு வேண்டிய இருக்கைத் துண்டுகளும் நீண்ட யூ போல்ட்டுகளும் குட்டையான ஷாக் அப்சார்பர்களும் முன்பக்கத்துக்கான குட்டைச் சுருள்களும் ஒரு பெட்டியில் வந்திருந்தன. தொடங்குமுன் அவன் செய்த ஒரு சிறு செயல் என் நினைவில் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, வண்டி ஒட்டி நிற்கும் மதிற்சுவரில், வண்டியின் சுமைத்தொட்டியின் மேல்விளிம்பு அப்போது நின்ற உயரத்துக்கு நான்கு அங்குலம் கீழே, அரைமுழ நீளத்துக்கு ஒரு கோடு இழுத்தான். "இந்தக் கோட்டுக்கு வரணும் மாமா, அவ்வளவுதான்" என்றான்.

பட்டை என்று இன்று நாம் சொல்வதை நம் முன்னோர் வில் என்றே சொன்னார்கள். வில்வண்டி என்ற சொல்லை இப்போதைய பிள்ளைகள் கேட்டிருக்கமாட்டார்கள். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் மாட்டு வண்டிகள் போய்வந்த காலத்தில் கட்டைவண்டி வேறு, வில்வண்டி வேறு. கட்டைவண்டிக்கு வில் கிடையாது. அச்சின்மேல் பாரம் நேராக அமர்ந்துவிடும். பாதையின் ஒவ்வொரு பள்ளமும் மேடும் நுகத்தடியின் வழியே மாட்டின் கழுத்துக்குப் போய்ச் சேரும். வில்வண்டியிலோ, பாரத்துக்கும் பாதைக்கும் நடுவே வளைந்து கொடுக்கும் எஃகு ஒன்று நின்று, இரண்டின் கொடுமையையும் தன்னிடத்தில் வாங்கிக்கொள்ளும். சுமை இரட்டித்தால் வளைவும் இரட்டிக்கும் என்பதை 1678-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில அறிஞர் விதியாக நிறுவினார். அந்த விதியின் மறுபக்கம்தான் என் விசாரத்துக்குப் பொருளாயிற்று: வளைவதற்கு இடம் இருந்தாலல்லவா வில் வளையும்?

சுமையற்ற பிக்கப் வண்டியைப் பக்கவாட்டில் நின்று பார்த்தவர்கள், அதன் பின்புறம் சற்றே தூக்கி நிற்பதைக் கவனித்திருப்பார்கள். பார்வைக்கு அது அத்துணை லட்சணமாக இராது. தலை குனிந்து பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் அந்த ஆகிருதியை இளைஞர்கள் விரும்பாததில் வியப்பில்லை. ஆயினும் அந்த நிமிர்வு அகங்காரத்தால் வந்ததன்று. ஹவுசிங்குக்கும் சேசிஸில் பதித்த ரப்பர் ஸ்டாப்பருக்கும் நடுவே அந்த வண்டியில் ஆறு அங்குல இடைவெளி இருந்தது. நானே டேப்பைப் பிடித்து அளந்தேன். இன்னும் வராத பாரத்துக்காக, வண்டியைச் செய்தவன் ஒதுக்கிவைத்த இடம் அது. விருந்தினர் வருமுன்பே விரித்துவைத்த பாயைப் போல, அந்த ஆறு அங்குலமும் யாருக்காகவோ காத்துக்கொண்டிருந்தது.

உடலைத் தேருக்கு ஒப்பிட்ட கடோபநிஷத்தை இவ்விடத்தில் நினைத்துக்கொள்கிறேன். ஆன்மா தேரில் அமர்ந்தவன், புத்தி சாரதி, மனம் கடிவாளம், இந்திரியங்கள் குதிரைகள், விஷயங்கள் அவை ஓடும் பாதைகள் என்று அது வகுத்துச் சொல்லும் அழகை நம்மில் அறியாதவர் சிலரே. ஆனால் அந்தத் தேர் ஒரே ஒருவன் ஏறிச் செல்லும் தேர். அதில் பிறர் பொருள் எதுவும் ஏற்றப்படவில்லை. குதிரைகளை அடக்குவது பற்றியும் சாரதியின் விவேகம் பற்றியும் பேசும் அவ்வுவமையில், வில்லைப் பற்றிப் பேச அவசியமே எழவில்லை. நம்முடைய வாழ்க்கையோ பெரும்பாலும் சுமைவண்டி வாழ்க்கை. பெற்றோரின் முதுமை, பிள்ளைகளின் படிப்பு, அண்டை வீட்டாரின் துயரம், நாம் உண்டாக்காத கடன்கள் என்று பிறருடைய பாரமே நம் தொட்டியில் மிகுதியாக இருக்கிறது. இந்த வாழ்க்கைக்கு உடலையும் மனத்தையும் உவமித்துப் பார்க்க, தேரைவிட எங்கள் வாசலில் நின்ற வண்டி எனக்கு அதிகமாகப் பயன்பட்டது என்று சொன்னால், அது உபநிஷத்துக்குக் குறைவு ஆகாது.

தாழ்வை அழகாக்கிக்கொண்ட மனிதர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஏனெனில் பிள்ளையின் ஆசை வேரில்லாத ஆசை அன்று. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்னர், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த மெக்சிக வமிசத்து இளைஞர்கள், வாங்கிய பழைய கார்களின் பின்பெட்டியில் மணல் மூட்டைகளை வைத்து அவற்றைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, மெல்ல மெல்ல வீதிகளில் ஓட்டிச் சென்றார்கள். சக்கர வளையத்தின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் எப்பகுதியும் இறங்கக்கூடாது என்று 1958-இல் கலிபோர்னிய மாநிலம் சட்டம் செய்தது. அடுத்த ஆண்டே ரான் அகீரே என்பவர் திரவ அழுத்தப் பம்புகளைத் தம் காரில் பொருத்தி, போலீசைக் கண்டால் உயரவும் கடந்துபோனால் தாழவும் வழிசெய்துகொண்டார். குவாதலூப்பே மரியன்னையின் திருவுருவத்தை இத்தகைய வண்டிகளின் மேல் தீட்டும் வழக்கம் அம்மக்களிடையே வேரூன்றியது. அவர்கள் அணிவகுத்து ஊர்வதைத் தடுக்கும் உள்ளூர்க் கட்டளைகள், கலிபோர்னியா முழுவதற்கும் 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் நீங்கின. ஒரு சமூகம் தாழ்வாகப் பார்க்கப்பட்டபோது, அந்தத் தாழ்வையே கையில் எடுத்துப் பளபளப்பாக்கி, அவசரப்படாமல், தலை நிமிர்ந்து, எல்லோரும் பார்க்கும்படி வீதியில் நடத்திக் காட்டிற்று என்பதை எண்ணும்போது, அந்தக் கார்களை வேடிக்கை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

அவர்களை எண்ணும்போது நம் மொழியிலேயே உள்ள ஒரு சொல் நெஞ்சில் தைக்கிறது. தாழ்த்தப்பட்டோர் என்கிறோம். தாழ்ந்தோர் என்று சொல்லாமல் தாழ்த்தப்பட்டோர் என்று சொல்லக் கற்றுக்கொண்டதற்கு நமக்கு எத்தனை தலைமுறை தேவைப்பட்டது! தாமே தாழ்தல் வேறு, பிறரால் தாழ்த்தப்படுதல் வேறு. பணிவைப் பற்றி மேடையில் உபதேசம் செய்கிறவர்கள், நானும் அவர்களில் ஒருவன், இந்த வேற்றுமையைச் சொல்லாமல் விட்டால், அந்த உபதேசம் ஏற்கெனவே அழுத்தப்பட்டுக் கிடப்பவனின் முதுகில் இன்னொரு மூட்டையாகவே போய் இறங்கும். ஸ்டாப்பரில் முட்டிக்கொண்டிருக்கும் வண்டியைப் பார்த்து இன்னும் தாழ் என்று சொல்லுவதற்கு யாருக்கும் அதிகாரம் இல்லை.

வைஷ்ணவ குருபரம்பரைக் கதைகளில் மாறனேர் நம்பி என்ற பெரியவர் வருகிறார். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர், ஆளவந்தாரின் சீடர். ஆசாரியருக்கு இராஜபிளவை என்னும் கொடிய கட்டி வந்தபோது, அந்த நோயைத் தமக்குப் பிரசாதமாகத் தரவேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டவர் அவர். அவர் பரமபதித்தபோது, அவருடைய விருப்பப்படி அந்திமக் கிரியைகளை முறைப்படி செய்தவர் உடன் சீடரான பெரிய நம்பி, அந்தணர். அதற்காகத் தம் வீதியாரால் விலக்கிவைக்கப்படும் அவமானத்தையும் அவர் தாங்கினார். இந்தக் கதையை நான் இளமையில் கேட்டபோது சீடரின் தியாகத்தையே பெரிதாக எண்ணி உருகினேன். இப்போது என் மனம் அதிகமாகத் தங்குவது பெரிய நம்பியிடத்தில்தான். தாழ்த்தப்பட்டவர் ஒருவர் சுமந்தார் என்பதை மட்டும் போற்றிவிட்டு நிறுத்திக்கொண்டால், சுமப்பது அவர்கள் விதி என்ற பழைய அநியாயத்துக்கு நாமும் சாட்சி சொன்னவர்களாவோம். உயரத்தில் வைக்கப்பட்டிருந்தவர் இறங்கிவந்து இன்னொருவருடைய பாரத்தைத் தம் தோளில் ஏற்றிக்கொண்டார் என்பதில்தான் அந்தக் கதை முழுமை அடைகிறது.

நைச்சியாநுசந்தானம் என்று வைஷ்ணவர்கள் ஒரு நெறியைச் சொல்லுவார்கள். தன் தாழ்வைத் தானே எண்ணி, பகவான் சந்நிதியில் சொல்லிக்கொள்ளுதல். அதற்கு உதாரண புருஷர் ஒருவர் எங்கள் ஊருக்குத் தென்மேற்கே, சிறிது தூரத்தில், பூவிருந்தவல்லியில் பிறந்தார். திருக்கச்சி நம்பிகள் வைசிய குலத்தவர். காஞ்சி வரதனுக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியத்தையே வாழ்வாகக் கொண்டவர். வரதன் அவரோடு வாய்திறந்து பேசுவான் என்பது சம்பிரதாயத்தின் நம்பிக்கை. இளமையில் இராமாநுஜர் அவரை ஆசாரியராக அடைய விரும்பினார். நம்பிகள் தம் குலத்தைக் காரணம் காட்டி இணங்கவில்லை. அவர் உண்ட மிச்சத்தையாவது பெறலாம் என்று இராமாநுஜர் தம் இல்லத்துக்கு அமுதுசெய்ய அழைத்தார். அவரைத் தேடி இராமாநுஜர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பிகள் வேறு வழியாக வந்து, உண்டு, கைங்கரியத்துக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார். வீட்டு அம்மையாரோ மிச்சத்தை வெளியே கொடுத்துவிட்டு, இலை போட்ட இடத்தை மெழுகி, தலைக்கு நீராடி, கணவருக்குப் புதிதாகச் சமைத்துக்கொண்டிருந்தார். திரும்பிவந்த இராமாநுஜர் ஈரம் காயாத அந்தத் தரையைப் பார்த்து நின்றதாகக் கற்பனை செய்து பார்க்கிறேன். வேதாந்தத்தில் எத்தனையோ சிக்கல்களை அவிழ்த்தவருக்கு, தம் வீட்டுத் தரையில் மெழுகிவிடப்பட்ட அந்தச் சிக்கல் எளிதாக இருந்திராது.

ஆனால் நம்பிகளின் பணிவு என்னை ஈர்ப்பது அவர் மறுத்ததனால் அன்று. இராமாநுஜருக்கு மனத்தில் சில ஐயங்கள் இருந்தன. அவை இன்னவை என்று அவர் நம்பிகளிடம் விரித்துச் சொல்லவில்லை. என் உள்ளத்தில் சில எண்ணங்கள் உண்டு, அவற்றுக்குப் பெருமாளின் திருவுள்ளம் அறிந்து சொல்லவேண்டும் என்று மட்டும் விண்ணப்பித்தார். நம்பிகள் கேட்டது எதையும் திறந்து பார்க்காமல் அப்படியே சுமந்து சென்றார். வரதன் அருளிய ஆறு வார்த்தைகளை அப்படியே சுமந்து வந்து சேர்த்தார். இராமாநுஜரை வேறொருவரிடத்தில், பெரிய நம்பியிடத்தில், சீடராகச் சேரும்படி சொல்லும் வார்த்தையும் அவற்றுள் ஒன்று. தம்மை ஆசாரியராக விரும்பிய மகானை இன்னொருவரிடம் அனுப்பும் செய்தியை ஒரு சொல்லும் குறையாமல் கொண்டுவந்து கொடுக்க, அந்த மனத்துக்குள் எவ்வளவு இடம் வேண்டும்! தாம் தாழ்ந்தவர் என்று நம்பிகள் சொல்லிக்கொண்டது உண்மைதான். ஆனால் அவரைப் பெரியவராக்கியது அந்தச் சொல் அன்று, பிறருடைய ஐயத்தை வைத்துக்கொள்ள அவருக்குள் இருந்த அந்த விசாலம்.

இதையெல்லாம் அன்று வாசலில் நான் எண்ணவில்லை. வேலை மாலை நான்கு மணிக்கு முடிந்தது. ஸ்டாண்டுகளை எடுத்ததும் வண்டி மெல்ல முனகிக்கொண்டு இறங்கி, தொட்டியின் விளிம்பு சுண்ணாம்புக் கோட்டுக்கு நேராக வந்து நின்றது. பிள்ளையின் முகத்தில் வந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வண்டி உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. தரையை நெருங்கினால் ஈர்ப்பு மையம் தாழும், வளைவுகளில் சாய்வு குறையும் என்று அவன் சொன்ன காரணமும் பௌதிக சாஸ்திரப்படி பொய்யன்று. ஆனால் ஆறு அங்குலமாக இருந்த இடைவெளி இப்போது இரண்டு அங்குலமாகச் சுருங்கிவிட்டது. சேசிஸை அரைவட்டமாக வெட்டி, பலகை வைத்து வெல்டு செய்து, அச்சுக்கு மேலே இடம் உண்டாக்கிக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. "முதுகெலும்ப வெட்டமாட்டேன் மாமா" என்று அவன் அதற்கு இணங்கவில்லை. அவன் கை அந்த இடத்தில் நின்றதைக் கண்டு எனக்கு அவன்மேல் மதிப்பு உயர்ந்தது.

ஏரிக்கரைச் சாலையில் ஓட்டிப் பார்க்கப் போனோம். முதல் வேகத்தடையிலேயே அடியில் இரும்பு ரப்பரை அடிக்கும் ஓசை என் முதுகுத்தண்டில் ஏறிற்று. தொட்டியில் ஒரு கேன்கூட இல்லை, வெறும் வண்டி. இரண்டாவது திருப்பத்தில் மாடு ஒன்று குறுக்கே வர, அவன் பிரேக்கை மிதித்தான். பின்சக்கரங்கள் சட்டென்று பூட்டிக்கொண்டன. வண்டியின் பின்புறம் ஓரத்து மணலில் வழுக்கி ஒரு பக்கமாக விலகி, மாட்டுக்கு ஒரு கை தூரத்தில் குறுக்காக நின்றது. யாருக்கும் அடியில்லை. இருவரும் இறங்கி, சற்று நேரம் ஒன்றும் பேசாமல், சாலையில் படிந்திருந்த இரண்டு கரிய கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

காரணத்தை அவனே கண்டுபிடித்தான். அது என்னை இன்றளவும் விட்டு அகலவில்லை. இத்தகைய வண்டிகளில், பாரத்துக்குத் தக்கபடி பின் பிரேக்கின் அழுத்தத்தைப் பங்கிட்டு விடும் வால்வு ஒன்று உண்டு. சேசிஸில் பதித்த அந்த வால்விலிருந்து ஒரு மெல்லிய கம்பி கீழே ஹவுசிங் வரை போகிறது. வண்டியில் எவ்வளவு சுமை இருக்கிறது என்பதை வால்வு நிறுத்துப் பார்ப்பதில்லை. சேசிஸ் அச்சை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதை அந்தக் கம்பியால் உணர்ந்து, நெருங்கியிருந்தால் பாரம் உண்டென்று நம்பிப் பின்சக்கரங்களுக்கு அதிக அழுத்தத்தை அனுப்புகிறது. பாரமே இல்லாமல் வண்டி தாழ்ந்து நின்றபடியால், பாரம் இருக்கிறதென்று அது நம்பிவிட்டது. தரையை அழுத்திப் பிடிக்க எடையில்லாத சக்கரங்கள் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் பூட்டிக்கொண்டன. "நாமதான் அதை ஏமாத்திட்டோம் மாமா" என்று அவன் கம்பியைத் தொட்டுக் காட்டினான்.

அந்தக் கம்பியைப் பார்த்தபோது அவன் கேள்விக்கு விடை எனக்குத் தெரியத் தொடங்கிற்று. தாழ்வு ஒரு சொல். சுமக்கிறேன் என்பது அதன் பொருள். தாழ்ந்து நிற்பவனைக் கண்டால், இவன் நமக்காக எதையோ தாங்கிக்கொண்டிருக்கிறான் என்று மனிதர் நம்புகிறார்கள். நம்பி அதற்கேற்ப நடந்துகொள்கிறார்கள். அடியேன் என்று சொல்லி, உடலை வளைத்து, குரலைத் தணித்து நிற்கும் சிலரிடத்தில், நெருக்கடியான காலத்தில் நம் துயரத்தைக் கொண்டுபோய் வைத்தால், முதல் மேட்டிலேயே அடியில் இரும்பு முட்டும் ஓசை கேட்கிறது. அங்கே இடமே இல்லை. அவர்கள் வஞ்சகர் என்று நான் சொல்லவரவில்லை. நல்ல எண்ணத்தோடேயே, தாழ்வின் வடிவத்தைப் பயின்று பயின்று, வளைவதற்கு வேண்டிய இடத்தை அந்த வடிவத்துக்கே செலவழித்துவிட்டவர்கள் உண்டு. நான் பிள்ளைகளுக்குப் பணிவைக் கற்பித்தபோதும் பெரும்பாலும் வடிவத்தையே கற்பித்தேன். எதிர்த்துப் பேசாதே, முன்னே போகாதே, குரலை உயர்த்தாதே என்றேனே தவிர, பிறர் வந்து இறக்கிவைக்க உனக்குள் எவ்வளவு இடம் வைத்திருக்கிறாய் என்று ஒரு பிள்ளையையும் நான் கேட்டதில்லை. இனிக் கேட்பேன்.

தாழவே கூடாதா என்றால், தாழவேண்டிய நேரம் உண்டு. நம் நகரத்தில் மாநகர்ப் போக்குவரத்துக் கழகம் 2024 ஆகஸ்டு முதல் ஓட்டிவரும் தாழ்தளப் பேருந்துகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் எஃகுப் பட்டைகளுக்குப் பதிலாகக் காற்றுப் பைகள். நிறுத்தத்தில் நின்றதும், ஏறுகிற பக்கத்துப் பைகளின் காற்றைச் சிறிது இறக்கி, யானை மண்டியிடுவதுபோல அந்தப் பக்கம் தணிகிறது. சக்கர நாற்காலியில் வருகிறவரும், முழங்கால் மடங்காத மூதாட்டியும் ஏறிக்கொள்கிறார்கள். பிறகு பைகளில் காற்று நிறைய, பேருந்து உயர்ந்து, எல்லோரையும் தாங்கிக்கொண்டு புறப்படுகிறது. ஏறவேண்டியவருக்காகத் தணிந்தது, ஏறியபின் சுமப்பதற்காக நிமிர்ந்தது. இந்த இரண்டாவது செயலை நம் பணிவுச் சாஸ்திரங்கள் போதுமான அளவு பேசவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அடுத்த ஞாயிறன்று பிள்ளை தானாகவே எல்லாவற்றையும் கழற்றினான். இம்முறை நான் முக்காலியில் உட்காராமல், அவனோடு தரையில் அமர்ந்து, பட்டைகளை மண்ணெண்ணெயில் துடைத்துக் கொடுத்தேன். ஹவுசிங் பட்டைக்குக் கீழே தன் பழைய இடத்துக்குப் போயிற்று. வால்வின் கம்பியை அவன் இரண்டுமுறை சரிபார்த்தான். வண்டியின் பின்புறம் முன்போல் தூக்கி நின்றது. கழற்றிய துண்டுகளைப் பெட்டியிலிட்டுப் பரணில் வைத்தான். வருத்தமா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

சித்திரையில் வெயில் ஏறிற்று. ஆவடி, திருவேற்காடு, அம்பத்தூர் எங்கும் தண்ணீருக்குத் தட்டுப்பாடு. என் தங்கை கணவரின் புது வண்டி ஒன்று போதவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு வாசலில் பேச்சுக் குரல் கேட்டு வெளியே வந்தேன். அப்பாவும் பிள்ளையும் வேலையாள் இருவரும் பழைய வண்டியின் தொட்டியில் நிறைகேன்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தோளிலிருந்து ஒருவர் கைக்கு மாறி, ஒவ்வொரு கேனும் தொட்டியில் அமரும்போது பட்டைகள் மெல்லக் கிறீச்சிட்டு வளைந்தன. கடைசி வரிசையும் ஏறி, கயிறு இழுத்துக் கட்டியபின், பிள்ளை கைவிளக்கை மதிற்சுவர்மேல் பிடித்தான். மாசியில் அவன் இழுத்த சுண்ணாம்புக் கோடு மழையில்லாத கோடையில் அழியாமல் அப்படியே இருந்தது. தொட்டியின் விளிம்பு அதற்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், மீந்திருந்த இரண்டு கேன்களையும் தானே தூக்கிப் பின்கதவோரம் வைத்து, கதவை மூடித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்தான்.